ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் அடங்கிய நகை

துப்பறியும் கதைகளுக்கு நம் இல்லங்களில் மதிப்புக் குறைவு. புகைவண்டிப் பயணத்தில் படித்து முடித்து, இறங்குமிடத்தில் விட்டுச் செல்லத்தக்கவை அவை என்பதே பலருடைய எண்ணம். கொலையாளி இன்னார் என்று தெரிந்த பின்னர் அந்நூலில் எஞ்சுவது யாது என்று கேட்பாரும் உளர். சற்று ஆழ்ந்து சிந்திப்போர் இன்னொரு வினாவும் எழுப்புவர். “ஒரு மனிதன் கொலையுண்டு கிடக்கிறான். அவ்விடத்தில் வேடிக்கைப் பேச்சு எதற்கு?” என்பது அவ்வினா. இரண்டும் நேர்மையான வினாக்களே. இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதும், அவ்விடை அக்கதைகளின் நகைச்சுவையிலேயே இருக்கிறது என்பதும் என் கருத்து.

பழைய ஆங்கிலத் துப்பறியும் நூல்கள் பல இன்று அந்நாட்டில் மீண்டும் அச்சேறி வருகின்றன. பிரிட்டிஷ் நூலகம், மறக்கப்பட்ட நூல்களைத் தேடியெடுத்துத் தனி வரிசையாகவே வெளியிட்டு வருகிறது. ஜே. ஜெபர்சன் பார்ஜியன் 1937ஆம் ஆண்டு எழுதிய ‘மிஸ்டரி இன் ஒயிட்’ என்னும் நாவல் 2014இல் அவ்வரிசையில் மறுபதிப்புப் பெற்றுப் பெருவாரியாக விற்பனையாயிற்று. அவற்றினும் சிக்கலான புதிர்களை இக்கால எழுத்தாளர் எழுதாமல் இல்லை. ஆயினும் வாசகர் பழையவற்றை நாடுகின்றனரெனில், புதிருக்கு அப்பாலும் அவற்றில் ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அது அவற்றின் நடை; அந்நடைக்குள் சத்தமின்றி அடங்கிக் கிடக்கும் நகை.

அடங்கிய நகை என்று நான் குறிப்பது எதனை? சொல்பவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இராது. சொல்லும் சொற்களும் மிகையாக இரா. உள்ளதைவிடக் குறைத்தே சொல்லப்படும். கேட்பவர் ஓரடி நடந்து சென்ற பிறகே அதன் பொருள் விளங்கிப் புன்முறுவல் பூப்பார். தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அவற்றுள் எள்ளலும் பேதைமையும் இங்கே பெரிதும் தொழிற்படுகின்றன. ஆயினும் எள்ளுபவர் எள்ளுவதாகக் காட்டிக்கொள்வதில்லை. பேதை தன் பேதைமையை அறிவுடைமை என்றே கருதிப் பேசுகிறார்.

அரபு அணியியலில் இதற்குப் பொருத்தமான பெயர்கள் உண்டு. ‘தஜாஹுலுல் ஆரிஃப்’ என்பது ஒன்று. அறிந்தவன் அறியாதவன்போல் பேசுதல் என்பது அதன் பொருள். புகழ்வதுபோல் இகழ்தல் மற்றொன்று. தமிழில் இதனை வஞ்சப் புகழ்ச்சி என்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிள், கருமிகளைப் பற்றி எழுதிய ‘கிதாபுல் புகலா’ என்னும் நூலில் இக்கலையைத் திறம்படக் கையாண்டார். கருமிகளின் வாயாலேயே கருமித்தனத்துக்கு நியாயம் சொல்ல வைத்து, தாம் ஒதுங்கி நின்றார். மாணவர்க்கு இவ்வணிகளை விளக்குங்கால் பழைய கவிதைகளையே சான்று காட்டுவது வழக்கம். ஆங்கிலத் துப்பறியும் கதைகளிலும் இவற்றுக்குக் குறைவில்லை. அறிந்தும் அறியாதார்போல் இருத்தல், நகைப்பவர்க்கும் துப்பறிபவர்க்கும் பொதுவான பண்பு. ஆதலால் அக்கதைகளில் நகையும் துப்பும் ஒரே கருவியால் இயங்குகின்றன.

வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ என்னும் நாவலிலிருந்து தொடங்குவோம். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் களத்தில் உயிர் துறந்த அந்நாளில், ஆங்கிலப் படையினன் ஒருவன் கொலை செய்து கவர்ந்து சென்ற வைரமே கதையின் மையப் பொருள். பின்னாளில் அவ்வைரம் இங்கிலாந்தில் ஒரு கண்ணியமான குடும்பத்துப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமற் போகிறது. கதையின் பெரும்பகுதியைச் சொல்பவர் அவ்வீட்டின் முதிய காரியக்காரர் பெட்டரெட்ஜ். எத்துன்பம் வரினும் ‘ராபின்சன் குரூஸோ’ நூலைத் திறந்து அதில் ஆறுதலும் அறிவுரையும் தேடுபவர் அவர். அப்படித் திறந்து திறந்து ஆறு பிரதிகள் நைந்து போயின என்று பெருமையுடன் தெரிவிக்கிறார். தம் வீட்டுப் பணிகளைச் செய்துவந்த பெண்ணுக்கு வாரந்தோறும் கூலி கொடுப்பதைவிட அவளை மணந்துகொள்வது சிக்கனம் என்று கணக்கிட்டு மணந்ததையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். இவையெல்லாம் வெறும் வேடிக்கை என்றே வாசகர் எண்ணுவர்.

அதே பெட்டரெட்ஜ், அமைதியான ஆங்கில இல்லத்தின்மீது இந்திய வைரம் ஒன்று படையெடுத்து வந்துவிட்டதே என்று மனம் நொந்து புலம்புகிறார். யார் யார்மீது படையெடுத்தனர் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. காலின்ஸ் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. களவாடிய பொருள் களவு போயிற்று என்று காவல் துறையை அழைக்கும் கண்ணியத்தை அவர் நம்முன் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். 1857 எழுச்சிக்குப் பதினோரு ஆண்டுகளே கழிந்திருந்த காலத்தில், இந்தியரின்மீது சினம் தணியாத ஆங்கில வாசகரிடையே, இதனை மேடையேறிச் சொல்லியிருந்தால் எத்துணைப் பேர் செவிமடுத்திருப்பர்? வேடிக்கை மனிதர் ஒருவரின் வாயில் வைத்துச் சொன்னமையால் ஒவ்வொரு வீட்டின் வரவேற்பறையிலும் அது நுழைந்தது.

ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை மூளையின் வித்தையாகவே பலர் நினைவுகூர்கின்றனர். 1891இல் வெளிவந்த செந்தலையர் சங்கக் கதையை மீண்டும் படித்துப் பார்க்கட்டும். ஜாபெஸ் வில்சன் என்னும் அடகுக் கடைக்காரருக்குத் தலைமுடி சிவப்பு. அதன் காரணமாகவே அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது: வாரம் நான்கு பவுண்டு ஊதியத்தில் ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா’வை முதல் எழுத்திலிருந்து பார்த்தெழுதுதல். எட்டு வாரங்களுக்குப் பின் ஒரு நாள் சங்கமே கலைந்துவிட்டதாக அட்டை தொங்குகிறது. தமக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிட்டதாக அவர் முறையிட, ஹோம்ஸும் வாட்சனும் வாய்விட்டுச் சிரித்துவிடுகின்றனர். பின்னர் ஹோம்ஸ் முகத்தைச் சரிசெய்துகொண்டு, முப்பது பவுண்டுக்கு மேல் வருவாயும் முதலெழுத்தில் தொடங்கும் பொருள்கள் பற்றிய நுண்ணறிவும் அவருக்கு இலாபமே என்று பரிவோடு எடுத்துரைக்கிறார்.

இக்கதையில் வில்சன் பெருமையாகக் கூறும் செய்தி ஒன்று உண்டு. தம் கடையில் ஓர் உதவியாளன் பாதிச் சம்பளத்துக்கு மனமுவந்து வேலை செய்கிறானாம்! கருமியின் பேதைமை என்று வாசகர் சிரித்துக் கடந்துவிடுவர். ஹோம்ஸ் கடந்து செல்வதில்லை. சந்தையில் முழுச் சம்பளம் கிடைக்கக்கூடிய ஒருவன் பாதிக்கு ஏன் வருகிறான்? மருமத்தின் திறவுகோல் அதுவே. சிரிப்பு மூட்டிய இடத்திலேயே துப்பும் ஒளிந்திருக்கிறது. வாசகரின் விழிப்பைச் சிரிப்பால் தளர்த்தி, அவர் கண்முன்னேயே சான்றினைக் கடத்திச் செல்வது இவ்வாசிரியர்களின் உத்தி.

ஜி. கே. செஸ்டர்டன் படைத்த பாதிரியார் பிரௌன், குடையைக் கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத எளிய குட்டை மனிதர். 1910இல் வெளிவந்த அவருடைய முதற் கதையில், பாரிஸ் காவல்துறைத் தலைவர் வாலென்டின் பேர்பெற்ற திருடன் ஒருவனைத் தேடி லண்டன் வருகிறார். ஓர் உணவகத்தில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது. சுவரில் சூப்பு எறியப்பட்ட கறை. ஒரு காய்கனிக் கடையில் விலைச்சீட்டுகள் மாறிக் கிடக்கின்றன. மற்றோர் உணவகத்தில் கணக்குக்கு மேல் பணம் கொடுத்த பாதிரியார், தாம் உடைக்கப்போகும் சன்னலுக்கான விலை அது என்று அமைதியாகக் கூறி, குடையால் சன்னலை உடைத்துச் செல்கிறார். பைத்தியக்காரச் செயல்களாகத் தோன்றும் இவை யாவும், தம்முடன் பாதிரி வேடத்தில் வரும் திருடனைப் போலீசார் பின்தொடர்வதற்காக அவர் விட்டுச் சென்ற தடயங்கள்.

வேடத்தை அவர் கண்டுகொண்டது எவ்வாறு என்பதில்தான் நகையின் உச்சம் உள்ளது. பக்திமானாக நடித்த திருடன், பகுத்தறிவு எல்லா உலகங்களிலும் செல்லாது என்று உயர்ந்த தத்துவம் பேசினான். அறிவைப் பழிப்பது சமயக் கல்வி கற்றவன் பேச்சாக இராது என்று பிரௌன் முடிவு கட்டினார். சமயம் என்றால் அறிவுக்கு விடை கொடுப்பது என்று நினைத்த திருடன் அந்த நினைப்பாலேயே அகப்பட்டான். மதரஸாக்களில் ‘மன்திக்’ என்னும் தர்க்க நூலைப் பல்லாண்டு ஓதியவர்கள் இக்கதையைப் படித்தால், சற்றுக் கூடுதலாகவே மகிழ்வர்.

தங்கள் கலையையே பார்த்துச் சிரிக்கவும் இவ்வெழுத்தாளர்கள் தயங்கவில்லை. ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். இரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பன போன்ற விதிகள் அவை. துப்பறிபவரின் நண்பர் சராசரி வாசகரைவிட அறிவில் குறைந்தவராக, ஆனால் மிக மிகச் சிறிதளவே குறைந்தவராக இருத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வாசகரைப் புகழ்கிறாரா இகழ்கிறாரா என்று துணிய முடியாத விதி இது! 1930இல் துப்பறியும் எழுத்தாளர் கழகம் தோன்றியபோது செஸ்டர்டன் அதன் முதல் தலைவரானார். புதிய உறுப்பினர், தெய்வ வெளிப்பாட்டையோ தற்செயலையோ நம்பிக் கதையை முடிப்பதில்லை என்று மண்டையோட்டின்மீது கைவைத்துச் சூளுரைக்க வேண்டும். சடங்கு வேடிக்கையே, விதியோ மெய்யானது. சான்றுகளை வாசகரிடம் மறைக்காமல் வைத்த பிறகே அவரை ஏமாற்றலாம் என்னும் நேர்மை அதில் அடங்கியிருந்தது.

அந்தோணி பெர்க்லி 1929இல் எழுதிய ‘தி பாய்சண்ட் சாக்லேட்ஸ் கேஸ்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நஞ்சூட்டிய இனிப்பால் ஒரு பெண் இறந்துவிட, ஆறு பேர் கொண்ட கூட்டம் ஒன்று அதை ஆராய்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுடன் வருகின்றனர். ஒவ்வொரு முடிவும் கேட்கும்போது மறுக்கவொண்ணாததாகத் தோன்றுகிறது. அடுத்தவர் எழுந்ததும் உடைந்து போகிறது. புகழ்பெற்ற துப்பறிவாளரே தவறுகிறார். எவரும் பொருட்படுத்தாத கூச்சமிக்க சிறுமனிதர் உண்மையை அடைகிறார். தன் சாமர்த்தியத்தில் மயங்கும் அறிவைப் பற்றி இதனினும் பணிவூட்டும் பாடம் வேறு எதில் உண்டு?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருவோம். பிணம் கிடக்கும் இடத்தில் சிரிப்பது முறையா? இதற்கு டோரதி எல். சேயர்ஸ் 1928இல் எழுதிய பெலோனா சங்க நாவல் தக்க விடை தருகிறது. அச்சங்கம் ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள் கூடுமிடம். அங்கே பேச்சு இல்லை, அசைவு இல்லை. பிணவறை போலிருக்கிறது என்று உறுப்பினரே கேலி செய்துகொள்கின்றனர். முதல் உலகப் போர் நிறுத்தத்தின் நினைவு நாளான நவம்பர் 11 அன்று, தொண்ணூறு வயதுத் தளபதி ஒருவர் கணப்பின் அருகே நாற்காலியில் இறந்து கிடப்பது தெரிய வருகிறது. அவர் உறங்குவதாகவே எல்லோரும் எண்ணியிருந்தனர். அவர் எப்போது இறந்தார் என்பதே சிக்கல். ஏனெனில் அவருடைய சகோதரியும் அந்நாளிலேயே இறந்திருக்கிறார், முந்தி இறந்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பெருஞ்சொத்து கைமாறும். பாகப்பிரிவினைக் கல்வியான ஃபராயிள் கற்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. முன்னர் இறந்தவர் யாரென்று தெரியாதபோது செய்ய வேண்டியது பற்றி அதில் தனிப் பகுதியே இருக்கிறது.

உயிருள்ளவரையும் இறந்தவரையும் பிரித்தறிய முடியாத சங்கம் என்னும் வேடிக்கைதான் குற்றத்துக்கு இடமளித்தது. அதுவே துப்பும் ஆகிறது. அந்நாளில் அனைவர் மார்பிலும் இருந்த சிவப்புப் பாப்பிப் பூ தளபதியின் மார்பில் இல்லை என்பதைக் கண்டவர் ஒருவரே. அத்துடன் நில்லாது, அந்த வேடிக்கை திடீரெனத் துயரமாகிறது. போரில் நச்சுப் புகையாலும் மன அதிர்ச்சியாலும் சிதைந்த பேரன், பிணத்தைக் கண்டதும் வெறிபிடித்தவன்போல் சிரித்து, நாம் எல்லோருமே இறந்து கிடக்கிறோம், அதனை நாம்தான் உணரவில்லை என்று கத்துகிறான். அதுவரை சிரித்த வாசகர் அங்கே வாயடைத்துப் போகிறார். சிரிப்பு இறந்தவரைச் சுடவில்லை. ஒரு தலைமுறையைப் போருக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் உறங்கிய கண்ணியத்தைச் சுட்டது.

அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் புவாரோ, ஜெர்மானியப் படையெடுப்பால் நாடிழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பெல்ஜியர். அவருடைய மீசையையும் தற்பெருமையையும் திருத்தமில்லா ஆங்கிலத்தையும் கண்டு ஆங்கிலேயர் நகைக்கின்றனர். 1935இல் வெளிவந்த ‘த்ரீ ஆக்ட் டிராஜெடி’யில் அவரே இரகசியத்தைச் சொல்லிவிடுகிறார். பிழையின்றிப் பேச அவருக்குத் தெரியும். ஆனால் கொச்சையாகப் பேசும் அயலவனை அவர்கள் இளக்காரமாக நினைப்பர். இளக்காரமாக நினைப்பவர் தற்காப்பை மறப்பர். தஜாஹுலுல் ஆரிஃப் என்னும் அணிக்கு இதனினும் தெளிவான உரைநடைச் சான்றினை நான் கண்டதில்லை. அயலவனைப் பார்த்துச் சிரித்தவர் இறுதியில் தம் சிரிப்பாலேயே பிடிபடுகின்றனர்.

ஆயினும் இவ்வெழுத்தாளர்களின் எல்லாச் சிரிப்பும் போற்றத்தக்கதன்று. 1920களிலும் 1930களிலும் வந்த நூல்கள் பலவற்றில், சேயர்ஸ், கிறிஸ்டி, செஸ்டர்டன் ஆகியோருடையன உட்பட, யூதரைப் பற்றியும் கறுப்பினத்தாரைப் பற்றியும் கீழ்நாட்டாரைப் பற்றியும் இழிவான குறிப்புகள் சர்வசாதாரணமாக வருகின்றன. கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் மூலத் தலைப்பே கறுப்பினத்தாரை இழிக்கும் சொல்லைக் கொண்டிருந்தது. அமெரிக்கப் பதிப்பு 1940இலேயே அதனைக் கைவிட்டது. அறநெறிக் குறை ஒருபுறமிருக்க, இலக்கியக் குறையாகவும் இதனைக் காண வேண்டும். அத்தகைய இடங்களில் ஆசிரியர் அறியாதவர்போல் நடிக்கவில்லை. உண்மையிலேயே அறியாதவராக இருக்கிறார். கண்ணெதிரே உள்ள மனிதனை நோக்காமல், கூட்டத்தார் சொல்லும் பழிச்சொல்லைத் திருப்பிச் சொல்கிறார். உற்று நோக்குதலே உயிரான ஒரு கலையில் இதனினும் பெரிய தோல்வி வேறில்லை.

அதே கிறிஸ்டி 1953இல் எழுதிய ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ நாவலைக் கொண்டு அவரை அளப்பது நியாயமாகும். அதில் கிளாடிஸ் என்னும் பணிப்பெண் வருகிறாள். அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். அழகோ அறிவோ வாய்க்காதவள். திரைப்படக் காதலைக் கனவு காண்பவள். வீட்டார் அவளை எண்ணிச் சிரிக்கின்றனர், வாசகரும் சிரிக்கிறோம். பின்னர் அவள் கொலையுண்டு கிடக்கிறாள். கொன்றவன் அவள் மூக்கில் துணி உலர்த்தும் கிளிப்பைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். வேலை பழகுவதற்காகச் சிறிது காலம் அவளைத் தம் வீட்டில் வைத்திருந்த முதியவள் மிஸ் மார்ப்பிள், செய்தித்தாளில் இதனைப் படித்ததும் புறப்பட்டு வந்துவிடுகிறார். கொலையைப் போலவே அந்தக் கிளிப்பும் அவரைச் சினமூட்டுகிறது. இறந்த ஏழைப் பெண்ணை வைத்து ஒருவன் வேடிக்கை செய்துவிட்டான் என்பதே அச்சினம். நூலின் முடிவில், கிளாடிஸ் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் காலந்தாழ்ந்து மார்ப்பிளின் வீட்டை அடைகிறது. அதன்பின் சிரிக்க எவருக்கும் மனம் வராது.

நம் வினாவுக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. இச்சிறந்த நூல்களில் இறந்தவரைப் பார்த்துச் சிரிப்பவன் கொலைகாரன் ஒருவனே. ஆசிரியரின் நகை உயிரோடிருப்பவர்மீது, அவர்களுடைய பெருமை, பேராசை, போலிக் கண்ணியம் ஆகியவற்றின்மீது பாய்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதைக் கொண்டே ஒரு நூலின் நகையை நிறுத்துப் பார்க்கலாம். வலியவரைப் பார்த்தெனில் அது அறம்; எளியவரைப் பார்த்துத் தொடங்கி வாசகரையே நாணவைத்து முடியுமாயின் அது அறத்தோடு கலையும் ஆகும்.

முதல் வினாவுக்கும் இதனால் விடை பிறக்கிறது. கொலையாளி தெரிந்த பின்னர் எஞ்சுவது, அவனை நம் கண்ணிலிருந்து மறைத்த அந்தச் சிரிப்பு. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எந்த வாக்கியத்தில் ஏமாந்தோம், ஏன் ஏமாந்தோம் என்பது புலப்படும். பெரும்பாலும் யாரோ ஒருவரை அற்பமென்று ஒதுக்கிய இடமாகவே அது இருக்கும்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். பள்ளி மாணவர்க்காக இந்நூல்களைச் சுருக்கி வெளியிடுவோர் முதலில் வெட்டுவது இந்நகைச்சுவைப் பகுதிகளையே. கதைக்கு அவை வேண்டாதவை என்பது அவர்கள் கணிப்பு. பெட்டரெட்ஜின் ஆறு ‘குரூஸோ’ப் பிரதிகளும் வில்சனின் அரைச் சம்பள உதவியாளனைப் பற்றிய பெருமிதமும் போய்விட்டால் எஞ்சுவது விடையுடன் அச்சிட்ட விடுகதை மட்டுமே. ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளுக்கு முழு நூலையே வாங்கிக் கொடுங்கள். அவர்கள் படிக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கவில்லையே என்று கவலை கொள்ள வேண்டா. நான்கு பக்கம் தள்ளித் திரும்பி வந்து, ஒரு வரியை மீண்டும் படித்துப் புன்னகை செய்வார்களாயின் அந்நூல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.